எங்க அப்பா பாடுன வில்லுப்பாட்டுக்கு எங்க சேனலுக்கே காப்பிரைட் கிளைம், என்ன செய்ய?

களக்காட்டுப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்கன வாசிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இன்னைக்குத்தான் மொத தடவையா எழுதுதேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க அப்பா வில்லுப்பாட்டு அண்ணாவி, செட்டுல தலைமைப் பாட்டுக்காரர். 41 வருசமா பாடுதாவ. பங்குனி கடைசில கெளம்புனா ஆவணி வரைக்கும் கோயில் திருவிழா, கொடை கொடைன்னு வீட்லயே தங்க மாட்டாவ. சுடலைமாடன் கதை, இசக்கி கதை, முத்துப்பட்டன் கதை எல்லாம் ஏடு பாக்காம விடிய விடிய பாடுவாவ. ரெண்டு வருசம் முன்னாடி அப்பா பேர்ல ஒரு யூடியூப் சேனல் ஆரம்பிச்சேன். பெருசா ஒண்ணும் இல்ல, 6,000 பேருதான், அதுலயும் பாதிப்பேரு துபாய்லயும் மும்பைலயும் இருக்க நம்மூர்க்காரவ, கொடைக்கு வர முடியாதவிய நைட் ஷிப்ட்ல இருந்துட்டு கேப்பாவளாம். மாசம் கரண்ட் பில் கட்டுத அளவுக்கு காசு வரும்.

போன ஆடில ஒரு சுடலை கோயில் கொடைல அப்பா பாடுனத செல்போன்ல முழுசா எடுத்து வச்சிருந்தேன், 1 மணி 52 நிமிசம். போன வாரந்தான் ஒழுங்குபண்ணி ஏத்துனேன். நேத்து ராத்திரி மெயில் வருது, உங்க வீடியோல இருக்க ஒலி வேற ஒருத்தருக்குச் சொந்தம், விளம்பரக் காசு இனிமே அவியளுக்குத்தான்னு. யாருன்னு பாத்தா கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனி பேரு. 38-வது நிமிசத்துல இருந்து 1:31 வரைக்கும் அவிய சொத்தாம். அங்கனதான் சாமிய வரவழைக்கப் பாடுத வரத்தே வருது, சாமி வேட்டைக்குக் கெளம்புத நேரம், அப்பா தொண்டை கிழியப் பாடுன எடம்.

அப்பாட்ட சொன்னேன். காப்பி குடிச்சிட்டு இருந்தாவ. டம்ளர கீழ வச்சிட்டு "நான் பாடுனது எனக்கு இல்லன்னா பின்ன யாருக்குடே?"ன்னு கேட்டாவ. எனக்கு சொல்லத் தெரியல.

இன்னொரு விசயமும் இருக்கு. 1998-ல ஒரு கேசட் கம்பெனிக்கு அப்பா இசக்கி கதை பாடிக் குடுத்தாவ. 3,500 ரூவா, பத்திரத்தாள்ல கையெழுத்து. அது இப்ப பாட்டு ஆப்புல எல்லாம் கெடக்கு, அப்பா பேரு எங்கயுமே இல்ல, 'கிராமியக் கலைஞர்கள்'னு போட்டு விட்டுருக்கானுவ. இந்த கிளைமும் அவிய வேலையா இருக்குமோன்னு ஒரு சந்தேகம். வெவரம் தெரிஞ்சவிய கொஞ்சம் சொல்லுங்க.


வெட்டிப்பய 627:

சவத்த விடுங்க அண்ணாச்சி. டெலிட் பண்ணிட்டு பிட்ச்ச கொஞ்சம் ஏத்தி ஸ்பீட 1.05 வச்சு திரும்ப போடுங்க, கண்டுபிடிக்காது. என் பிரெண்டு சினிமா பாட்டே அப்படித்தான் போடுதான்.


செங்கோட்டை எடிட்டர்:

மேல இருக்க ஐடியாவ தயவுசெஞ்சு செய்யாதீங்க. சினிமா பாட்டத் திருடுதவன் செய்யுத வேலைய சொந்த அப்பா பாட்டுக்கு ஏன் செய்யணும்? அதுவும் பிட்ச் ஏத்துனா அவிய குரலு பொம்பளைப்பிள்ள குரல் மாதிரி ஆயிரும், கேக்கவே சகிக்காது.

மொதல்ல பயப்படாதீங்க, உங்களுக்கு வந்தது கிளைம், ஸ்ட்ரைக் இல்ல. ரெண்டும் வேற வேற. கிளைம்னா பெரும்பாலும் வீடியோ அங்கயேதான் இருக்கும், காசு மட்டும் கை மாறும், சேனலுக்கு ஆபத்து இல்ல. ஸ்ட்ரைக்னா வீடியோவ தூக்கிருவாவ, 90 நாளுக்குள்ள மூணு வந்துச்சுன்னா சேனலே போயிரும்.

கிளைம் போடுதது பெரும்பாலும் மனுசன் கெடையாது, கன்டென்ட் ஐடின்னு ஒரு மெசின். உரிமைக்காரன்னு சொல்லுதவன் தன்னோட ஒலிய முன்னாடியே அதுல ஏத்தி வச்சிருவான், புதுசா யாரு வீடியோ ஏத்துனாலும் அது கைரேகை பாக்க மாதிரி ஒப்பிட்டுப் பாக்கும். பாடுனது யாரு, எழுதுனது யாரு, எந்த ஊரு கோயிலு, அதெல்லாம் அதுக்குத் தெரியாது. சத்தம் ஒண்ணா இருந்தா ஒண்ணுதான்.

கிளைம் வந்த 5 நாளுக்குள்ள டிஸ்பியூட், அதாவது ஆட்சேபம், போட்டீங்கன்னா மொத நாள்ல இருந்து வர்ற காசு யாருக்கும் போகாம நடுவுல நிக்கும். 5 நாள் தாண்டிப் போட்டா டிஸ்பியூட் போட்ட நாள்ல இருந்துதான் நிறுத்தி வைக்கும். போட்டப்பெறவு அந்தப் பக்கத்துக்காரனுக்கு 30 நாள் டைம். அவன் ஒண்ணும் சொல்லலன்னா கிளைம் தானா போயிரும். இல்ல, எங்களுதுதான்னு நின்னான்னா நீங்க அப்பீல் போகலாம், அதுக்கு அவனுக்கு 7 நாள். அதுலயும் அவன் விடாம வீடியோவ தூக்கச் சொன்னா அப்பந்தான் ஸ்ட்ரைக் வரும். அதனால கையில சரக்கு இருக்கான்னு பாத்துட்டு எறங்குங்க.

ஒரு சந்தேகம் எனக்கு. செல்போன்ல எடுத்த சத்தம் இன்னொருத்தன் எடுத்த சத்தத்தோட 53 நிமிசம் அப்படியே ஒத்துப்போறது லேசுப்பட்ட காரியம் இல்ல. கூட்டத்து இரைச்சல், பட்டாசு, பக்கத்துல ஒருத்தன் இருமுதது, எல்லாம் வேற வேறயா இருக்கும்லா. நெசமாவே செல்போன் மைக்குல எடுத்ததுதானா?


களக்காட்டுப் பையன்:

அண்ணே நீங்க கேட்டப்பெறவுதான் ஞாபகம் வருது. படம் மட்டுந்தான் செல்போன். சத்தம் ஒரே இரைச்சலா இருந்துச்சுன்னு மைக்செட்டு அண்ணாச்சிட்ட கேட்டேன், அவிய மிக்சர்ல இருந்து நேரா பென்டிரைவ்ல எடுத்துக் குடுத்தாவ. அத ஒட்டித்தான் போட்டேன். 38-வது நிமிசத்துக்கு முன்னாடி பென்டிரைவ்ல பதிவாகல, அது மட்டும் செல்போன் சத்தம்.


செங்கோட்டை எடிட்டர்:

ஆங், கதை முடிஞ்சுது. அந்தக் கொடைக்கு யாராவது லைவ் போட்டாவளா?


களக்காட்டுப் பையன்:

ஆமா, கமிட்டில வீடியோக்காரர் வச்சிருந்தாவ. மூணு கேமரா, அவரு சேனல்லயே லைவ் ஓடுச்சு.


செங்கோட்டை எடிட்டர்:

அப்ப அவருக்கும் அதே மிக்சர்ல இருந்துதான் ஒயர் போயிருக்கும். ஒரே ஆடியோ ரெண்டு பேர்ட்ட. அவரு முன்னாடியே ஏத்திட்டாரு, நீங்க பின்னாடி. மெசின் உங்களத் திருடன்னு நெனைச்சிருச்சு. கம்பெனி பேரு தெரியாத பேரா இருக்கதும் அதனாலதான், அவரு சேந்திருக்க நெட்வொர்க், அதாவது நிறைய சேனல மொத்தமா பாத்துக்கிடுத கம்பெனி, அதோட பேரா இருக்கும். கேசட்காரவ இதுல கெடையாது.


நெல்லை பக்தன்:

சாமி பாட்டுக்கெல்லாம் காப்புரிமை கேக்குத காலமாப் போச்சு. சுடலைமாடன் கதை யாரு அப்பன் வீட்டுச் சொத்து? கோயில்ல பாடுனது கோயிலோட போச்சு. கோயில் விழாவுக்கு காப்பிரைட் சட்டமே செல்லாதுன்னு படிச்சிருக்கேன்.


பாளை வக்கீல்:

கோர்ட்டுக்குப் போற வழில இதப் பாத்தேன், அப்பவே எழுதணும்னு தோணுச்சு, ராத்திரிதான் முடிஞ்சுது. நீளமா இருக்கும், பொறுமையா வாசிங்க.

மொதல்ல பக்தன் சொன்னது. பாதி சரி. 1957 காப்புரிமைச் சட்டத்துல 52-வது பிரிவுல ஒரு விலக்கு இருக்கு, உண்மையான சமயச் சடங்கு நடக்கும்போது அங்கன ஒரு பாட்டப் பாடுனாலோ செட்டுல ரெக்கார்டு போட்டாலோ அது மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும் அதுல சேத்தி. அதனாலதான் கொடைக்கு மைக்செட்டுக்காரர் விடிய விடிய சினிமா பாட்டு போட்டாலும் யாரும் கேக்க முடியாது. ஆனா கொடை முடிஞ்சு பந்தலையும் பிரிச்சாச்சு, பத்து நாள் கழிச்சு அதோட ரெக்கார்டிங்க நெட்ல வச்சு விளம்பரம் ஓட்டிக் காசு பாக்குததுக்கு அந்த விலக்கு இல்ல. சாமி கும்புடுததுக்கு விலக்கு, யாவாரத்துக்கு இல்ல.

சுடலைமாடன் கதை யாரு சொத்துன்னா, யாரு சொத்தும் இல்ல. வாய்மொழியா வந்தது, எழுதுனவன் பேரு தெரியாதது, யாரும் பாடலாம். ஆனா ஒரு வில்லுப்பாட்டு ரெக்கார்டிங்னு ஒண்ண கையில எடுத்தா அதுக்குள்ள நாலு சரக்கு இருக்கு, நாலுக்கும் நாலு சொந்தக்காரன்.

கதை ஊருக்குப் பொது. அத ஓரமா வச்சிருவோம். அடுத்தது பாட்டு வரி. உங்க அப்பா அந்தக் கோயில் வரலாறு, நடுவுல வர்ற உபகதை, நையாண்டின்னு சொந்தமா ஏதாவது கட்டிச் சேத்திருந்தாவன்னா அந்த வரி அவியளுது. அவிய காலம் முடிஞ்சு அதுக்கு மேல 60 வருசம் வரைக்கும் குடும்பத்துக்கு. பதிவு பண்ணாத்தான் உரிமைன்னு நிறைய பேரு நெனைக்காவ, அப்படி இல்ல, எழுதுன நிமிசமே வந்துருது. பதிவு ஒரு சாட்சி, அவ்வளவுதான். இலக்கியப் படைப்புக்கு 500 ரூவா, ஆன்லைன்லயே போடலாம், போட்டப்பெறவு யாராவது ஆட்சேபம் சொல்லுதாவளான்னு 30 நாள் காத்திருக்கணும். பாட்டு நோட்டு வீட்ல இருந்தா மொதல்ல அத தண்ணி படாத எடத்துல வைங்க.

இதுல ஒரு சிக்கல் உண்டு, கேக்க நல்லா இருக்காது. அப்பா தன்னோட வாத்தியார்ட்ட படிச்ச பாட்ட பாடியிருந்து, அது வாத்தியாரே கட்டுனதா இருந்தா? அவரு 1987-ல காலமானாருன்னு வைங்க, 2047 முடியுத வரைக்கும் அந்த வரி அவரு பிள்ளைகளுக்குச் சொந்தம். இதெல்லாம் யாரும் யோசிக்கதே இல்ல.

மூணாவது பாடுனது. நம்மாளுகளுக்குத் தெரியாத விசயம் இதுதான். வரி யாருது வேணா இருக்கட்டும், மேடைல உக்காந்து நிகழ்த்துனவனுக்குன்னு தனியா ஒரு உரிமை இருக்கு, நிகழ்த்துநர் உரிமை, 38-வது பிரிவு. 1994 திருத்தத்துல வந்து 1995 மே மாசத்துல இருந்து நடப்புல இருக்கு, இப்ப 50 வருசம். யாரு நிகழ்த்துநர்னு சட்டம் ஒரு பட்டியலே போட்டுருக்கு, நடிகர், பாடகர், வாத்தியக்காரர், டான்ஸ் ஆடுதவர்னு போயி கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரைக்கும் பேரு சொல்லி எழுதியிருக்கு. பாம்பாட்டிக்கு உண்டுன்னா அண்ணாவிக்கு இல்லாமலா போவும். அவிய அனுமதி இல்லாம அந்த நிகழ்ச்சிய பதியவோ நெட்ல விடவோ கூடாது. வீடியோ எடுக்க எழுத்து மூலமா சம்மதிச்சிட்டா பெறவு தடுக்க முடியாது, ஆனா அப்பவும் யாவாரத்துக்கு ஓடுனா ராயல்ட்டி கேக்கலாம். அப்பா ஏதாவது எழுதிக் குடுத்தாவளா? குடுத்திருக்க மாட்டாவ. கொடைல யாரு எழுதி வாங்குதா.

நாலாவது வீடியோ. எடுத்தவனுக்குத்தான் சொந்தம்னு நெனைப்போம். 17-வது பிரிவு வேற சொல்லுது. ஒருத்தர் காசு குடுத்து எடுக்கச் சொல்லி எடுத்த படம்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, மொத உரிமையாளர் காசு குடுத்தவர். உங்க கொடைல யாரு காசு குடுத்தா? கமிட்டி குடுத்திருந்தா அந்த லைவ் வீடியோவுக்கு மொத உரிமை கமிட்டிக்கு, வீடியோக்காரருக்கு இல்ல. அவரு தன் செலவுல, சேனலுக்காக ஓசில எடுத்திருந்தா மட்டும் அவருது. இத மொதல்ல விசாரிங்க.

கேசட் விசயத்துக்கு அந்தப் பத்திரம் கையில இருக்கா? அதுல எத்தன வருசத்துக்குன்னு எழுதியிருக்கா? எழுதலன்னா சட்டப்படி 5 வருசந்தான், வரிய எழுதிக் குடுத்தது 2003-லயே காலாவதி. ஆனா கேசட்ல பதிஞ்ச அந்த ஒலி கம்பெனி செலவு பண்ணிப் பதிஞ்சதுனால அது கம்பெனிக்கு 60 வருசம், அதுல கை வைக்க முடியாது. அந்தக் காலத்துல இல்லாத மீடியத்துக்கு ஒப்பந்தம் செல்லாதுன்னு 2012 திருத்தத்துல ஒண்ணு வந்துச்சு, 98-ல போட்ட பத்திரத்துக்கு அது பொருந்துமாங்கறத வாதாடித்தான் பாக்கணும். ஆனா பேரு போடாம விட்டதுக்கு நேராவே கேக்கலாம், எல்லாத்தையும் எழுதிக் குடுத்த பெறவும் பாடுனவன் பேரப் போடச் சொல்லுத உரிமை பாடுனவன்ட்டயே இருக்கும், அது 38-ஆ பிரிவு.

கடைசியா, கேஸ் போடணும்னா சென்னைக்கு ஓடணும்னு பயப்பட வேண்டாம். காப்புரிமை வழக்க வழக்கு போடுதவர் குடியிருக்க ஊரு மாவட்ட கோர்ட்லயே போடலாம், 62-வது பிரிவு. ஆனா அவ்வளவு தூரம் போகாதீங்க. இது ஒரு போன்ல முடியுத சமாச்சாரம்.


வெட்டிப்பய 627:

வக்கீல் அண்ணாச்சி, போலீஸ்ல குடுத்தா உள்ள தள்ளிருவாவளா?


பாளை வக்கீல்:

63-வது பிரிவுல 6 மாசத்துல இருந்து 3 வருசம் வரைக்கும் இருக்கு, அபராதம் 50,000-ல இருந்து 2 லட்சம். தெரிஞ்சே செஞ்சான்னு காட்டணும். இங்க மெசின் செஞ்சத வச்சு ஒரு வீடியோக்காரர ஸ்டேசனுக்கு இழுத்தா அடுத்த கொடைக்கு உங்க ஊர்ல எவனும் கேமரா தூக்கிட்டு வரமாட்டான். அப்புறம் நீங்க சொன்னியள பிட்ச் ஏத்துதது, அதுக்கும் இதே பிரிவுதான் தம்பி.


நெல்லை பக்தன்:

வக்கீல் சார் சொன்னது சரி, கோயில்ல பாடுததும் நெட்ல விடுததும் வேறன்னு ஒத்துக்கிடுதேன். ஆனா மனசு ஆறல. பத்தமடை பாய்க்கு புவிசார் குறியீடு வாங்குன மாதிரி வில்லுப்பாட்டுக்கும் வாங்கிட்டா இந்தப் பிரச்சன வராதுல்லா?


பாளை வக்கீல்:

அது பொருளுக்கு உள்ளது, பத்தமடைல கோரைல நெய்யுத பாய வேற ஊர்ல நெஞ்சிட்டு அந்தப் பேர்ல விக்கக் கூடாதுன்னு. ஒருத்தர் பாடுனதுக்கு காசு யாருக்குங்கறத அது தீர்க்காது.


கடையத்துக்காரன்:

இடைல ஒரு பழங்கதை. பாட்டு யாரு சொத்துங்கற சண்டை நம்ம சீமைக்குப் புதுசு இல்ல. பாரதியாரு எட்டயபுரம், அன்னைக்கு அது திருநெல்வேலி ஜில்லா. செல்லம்மா எங்க ஊரு. அவரு 1921-ல போயிட்டாரு, அதுக்கப்புறம் அவரு பாட்டோட உரிமை யாவாரச் சரக்கு மாதிரி கை மாறுச்சு, சினிமால பாடுத உரிமை ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார்ட்ட இருந்துச்சு. சுதந்திரத்தப் பாடுன ஆளோட பாட்ட சினிமால பாடணும்னா ஒரு கம்பெனிட்ட கேக்கணும். பெறவு பெரிய கூப்பாடு கெளம்பி, 1949-ல ஓமந்தூரார் ஆட்சில அரசாங்கம் உரிமைய எடுத்துச்சு. அதனாலதான் இன்னைக்கு பள்ளிக்கூட ஆண்டுவிழால பிள்ளைக பயமில்லாம பாடுது. இதுல நான் பாக்குதது என்னன்னா, பொதுச்சொத்து ஆக்குததுன்னா கூட அதுக்கு மொதல்ல ஒரு சொந்தக்காரன் இருந்து அவனுக்கோ குடும்பத்துக்கோ ஏதாவது போயிருக்கணும். இங்க அண்ணாவிக்கு ஒண்ணும் போகாம நேரா ஊரான் சொத்தாயிருது, அதுதான் உறுத்துது.


வெட்டிப்பய 627:

அப்ப இளையராஜா 2017-ல எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் விட்டது சரியா தப்பா?


செங்கோட்டை எடிட்டர்:

ஐயா சாமி அத இங்க ஆரம்பிக்காதீங்க, 400 பதில் வரும், அண்ணாவி மேட்டர் காணாமப் போயிரும்.


அம்பை ட்ரோன்:

நானும் கொடை வீடியோ எடுக்குதவன்தான், இந்தக் கொடை நான் எடுத்தது இல்ல. எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க. மூணு கேமரா, ஒரு ட்ரோன், டவர் இல்லாத காட்டுக்கோயில்ல ரெண்டு கம்பெனி சிம்ம போட்டு லைவ் ஓட்டணும், மழை வந்தா கேமராவுக்கு நான் குடை புடிப்பேன், எனக்கு யாரும் புடிக்க மாட்டாவ. விடிஞ்சு வீட்டுக்கு வந்து தூங்கி எந்திக்கும்போது எங்க வீடியோல இருந்து சாமி ஆடுத இடத்தை மட்டும் வெட்டி பத்து பேரு ஷார்ட்ஸ்ல விட்டுருப்பானுவ, எங்க லோகோவ அழிச்சிட்டு. அதுக்காகத்தான் நெட்வொர்க்ல சேருதோம். சேந்தப்பெறவு அவன் எங்க வீடியோ எல்லாத்தையும் மொத்தமா அந்த மெசின்ல ஏத்திருவான். யாரு மேல கிளைம் போகுதுன்னு எங்களுக்கே பாதி நேரம் தெரியாது. அதனால அவரு உங்க அப்பா மேல பகையா செஞ்சிருக்க மாட்டாரு, போன் போட்டுப் பேசுங்க. ஆனா ஒண்ணு, தனக்கு மட்டுமே உரிமை இருக்கதத்தான் அதுல ஏத்தணும்னு விதி. மிக்சர் ஆடியோ அப்படி இல்ல. அத ஒத்துக்கிடுதேன்.

காசு குடுத்தவர்தான் மொத உரிமையாளர்னு வக்கீல் சொன்னது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். இனிமே கமிட்டிட்ட ஒரு தாள்ல எழுதி வாங்கிட்டுத்தான் கேமராவ எறக்கணும் போல.


குடத்துக்காரர் மவ:

எழுதவா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எங்க அய்யா 30 வருசமா குடம் அடிக்காவ, வேற ஒரு வில்லுப்பாட்டு செட்டுல. களக்காட்டுத் தம்பிட்ட கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா இவ்வளவு நீளத்துக்கு அண்ணாவி அண்ணாவின்னு பேசிட்டு இருக்கிய, பின்பாட்டுக்காரவளப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. வாத்தியக்காரரும் நிகழ்த்துநர்தான்னு வக்கீல் சாரே எழுதியிருக்காவ. உடுக்கைக்காரர், தாளம் போடுதவர், கட்டை அடிக்கவர், குடம். வரத்து பாடும்போது சாமிய கொண்டுவாரது பாட்டு மட்டுமா? மட்டை குடத்து வாய்ல விழுத அந்த அடி இல்லாம எந்தச் சாமி வந்துச்சு?

கொடைச் சம்பளம் கைக்கு வந்த உடனே எங்க செட்டுல மேடைலயே பங்கு வச்சுருவாவ. அண்ணாவிக்கு கூட ஒரு பங்கு, மத்தவியளுக்கு ஆளுக்கு ஒண்ணு. அது காலங்காலமா இருக்க முறை. அப்ப யூடியூப் காசுக்கு மட்டும் ஏன் பங்கு இல்ல? நான் உங்க சேனல் தேடிப் பாத்தேன் தம்பி. குடம் அடிக்கவரு முகம் ஒரு வீடியோலயும் இல்ல. பிரேமுக்கு ஓரத்துல ரெண்டு கையும் குடமும் மட்டுந்தான் தெரியுது. அவரு பேரு கீழயும் இல்ல. உங்க அப்பா பேரப் போடாத கேசட்காரன திட்டுதிய, நீங்க போட்டியளா?


செங்கோட்டை எடிட்டர்:

இதுக்கு நான் என்ன சொல்ல. சரியான கேள்வி.


களக்காட்டுப் பையன்:

யக்கா, நீங்க கேட்டது சரிதான். இத வாசிச்சிட்டு ஒரு நாள் பூரா பதில் எழுதல. சாக்கு சொல்லணும்னா சொல்லலாம், செல்போன ஸ்டாண்டுல வச்சா அப்பா மட்டுந்தான் சிக்குவாவ, காசே மாசம் ஆயிரத்துக்குள்ளதான், அப்படி இப்படின்னு. ஆனா பேரு போட காசு ஆகாதுல்லா. அது என் புத்தில படவே இல்ல. அப்பாட்ட இத வாசிச்சுக் காட்டுனேன். ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரங்கழிச்சு, "என் வாத்தியார் மொத கொடைல எனக்கு என்ன பங்கு குடுத்தாரு தெரியுமா"ன்னு ஆரம்பிச்சு ராத்திரி 11 மணி வரைக்கும் பேசிட்டு இருந்தாவ. அதுல ஒண்ணு தெரிஞ்சுது, வரத்து வாத்தியார் கட்டுனது இல்ல, அவருக்கும் முன்னாடி இருந்து வாரது. கோயில் வரலாறு மட்டும் அப்பாவே கட்டுனது, 1991-ல ஒரு குயர் நோட்டுல எழுதினது பரண்ல இருந்து எடுத்தோம். கரையான் ஓரத்த தின்னுருக்கு, எழுத்து தப்பிச்சிருச்சு.

டிஸ்பியூட் நாலாவது நாளே போட்டுட்டேன்.


களக்காட்டுப் பையன்:

ஒம்பது நாள் ஆச்சு, நடந்தத சொல்லிருதேன்.

கமிட்டி பொருளாளர் வீட்டுக்குப் போனேன், சொந்தத்துல மாமா முறைதான். வீடியோவுக்கு காசு குடுத்தியளான்னு கேட்டேன். அவிய ஒண்ணும் சொல்லாம அலமாரியத் திறந்து கொடை வரவு செலவு நோட்டீச எடுத்துக் குடுத்தாவ, கொடைக்கு வரி குடுத்தவிய எல்லாருக்கும் அச்சடிச்சுக் குடுப்பாவள்லா, அது. பூ, வாழைக்குலை, நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, மைக்செட்டுன்னு வரிசையா போட்டு, கடைசிக்கு முந்தின வரில 'வீடியோ, லைவ் 22,000'ன்னு இருக்கு. வக்கீல் அண்ணாச்சி சொன்ன 17-வது பிரிவு அந்த ஒரு வரிலயே அடங்கிருச்சு. எங்க ஊரு வரவு செலவு நோட்டீசு சட்டத்துக்கு சாட்சியா நிக்கும்னு நான் கனவுல கூட நெனைக்கல.

அத செல்போன்ல படம் எடுத்து வீடியோக்காரருக்கு அனுப்பிட்டு போன் போட்டேன். அம்பை அண்ணன் சொன்னது அப்படியே நடந்துச்சு, அவருக்கு கிளைம் போனதே தெரியாது. பதறிட்டாரு, "உங்க அப்பா மேலயா?"ன்னாரு. நெட்வொர்க்குக்கு மெயில் போட்டு நாலு நாள்ல கிளைம எடுத்துட்டாவ. அடுத்த கொடைல இருந்து கமிட்டி, வீடியோக்காரர், வில்லுப்பாட்டு செட்டு மூணு பேரும் ஒரு அரைப் பக்கத்துல எழுதிக்கிடுவோம்னு பேச்சு. லைவ் அவரு சேனல்ல, முழு வீடியோ எங்க சேனல்ல, கமிட்டிக்கு ஒரு காப்பி.

நடுவுல நின்ன காசு எவ்வளவுன்னு கேட்டா சிரிப்பிய. 386 ரூவா. அப்பா அத அஞ்சு பேருக்கும் மேடைக் கணக்குப்படியே பங்கு வைக்கச் சொல்லிட்டாவ, தனக்கு ரெண்டு, மத்தவியளுக்கு ஒண்ணு. குடத்துச் சித்தப்பா 64 ரூவாய ஜீபேல பாத்துட்டு "இது எதுக்குடே?"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு, நான் மறுபடி அனுப்பிருக்கேன்.

பழைய வீடியோ எல்லாத்துக்கும் கீழ அஞ்சு பேரு பேரும் போட்டாச்சு. கேசட் பத்திரம் கெடைச்சிருக்கு, வருசம் ஒண்ணும் எழுதல. அத வக்கீல் அண்ணாச்சிட்ட நேர்ல கொண்டு வாரேன்.


பாளை வக்கீல்:

ஒரிஜினல கொண்டு வாங்க, லேமினேசன் பண்ணிராதீங்க. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல கோர்ட்டு கேன்டீன்ல இருப்பேன். பேரு போடச் சொல்லி கம்பெனிக்கு ஒண்ணு, ஆப்புக்காரனுக்கு ஒண்ணுன்னு மொதல்ல நோட்டீஸ் விட்டுப் பாப்போம்.


குடத்துக்காரர் மவ:

பாத்தேன் தம்பி, பேரு எல்லாம் இருக்கு. அடுத்து எந்தக் கொடை?


களக்காட்டுப் பையன்:

வார செவ்வாக்கெழமை ஒரு முத்தாரம்மன் கோயில்ல யக்கா. ஸ்டாண்ட இந்த தடவ குடத்துக்கு எதுத்தாப்புல வைக்கப் போறேன். மிக்சர் ஆடியோ வேண்டாம்னுட்டேன், செல்போன் மைக்குதான், அதனால குடத்துச் சத்தம் கொஞ்சம் தூக்கலாத்தான் கேக்கும்.